படகு யாருடையது? லட்சத்தீவுக்குப் போகிறவர்களிடம் சில கேள்விகள்

2024 ஜனவரி முதல் வாரத்தில் இரண்டு படங்கள் நாடு முழுக்கப் பரவின. ஒன்றில் லட்சத்தீவின் வெண்மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் பிரதமர். இன்னொன்றில் முகமூடிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்குள் பவளப்பாறை பார்க்கிறார். மாலத்தீவின் துணை அமைச்சர்கள் சிலர் அதைக் கேலி செய்து எழுதப்போக, இங்கே தேசபக்தி பொங்கிவிட்டது. மாலத்தீவுக்குப் போகாதே, லட்சத்தீவுக்குப் போ என்று நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் அறிவுரை சொன்னார்கள். அன்று தொடங்கிய பயணக் காணொளிகள் இன்னும் ஓயவில்லை. தமிழிலும் ஏராளம். எல்லாவற்றிலும் வசனம் ஒன்றுதான்: சொர்க்கம், பளிங்குத் தண்ணீர், கள்ளங்கபடம் இல்லாத மக்கள், குற்றமே நடக்காத ஊர், சாதியே இல்லாத தீவு.

கடைசிச் சொல்லில்தான் நாம் நிற்கிறோம். சாதியே இல்லாத தீவா?

லட்சத்தீவைப் பற்றி இன்று இரண்டு பொய்கள் உலவுகின்றன. ஒன்று ஆட்சியாளர்கள் சொல்வது: அது யாருமில்லாத வெறும் கடற்கரை, முதலீட்டுக்குக் காத்திருக்கும் இடம். மற்றது நல்லவர்கள் சொல்வது: ஏற்றத்தாழ்வு அறியாத மக்கள் ஒரே குடும்பமாக வாழும் இடம். முதல் பொய் தீவு மக்கள் எல்லோரையும் அழிக்கிறது. இரண்டாவது பொய் அந்த மக்களுக்குள் ஒரு பகுதியினரை மட்டும் அழிக்கிறது. இரண்டிலும் காணாமல் போகிறவர் ஒருவர் உண்டு. அவர் தென்னை மரத்தில் ஏறுகிறவர்.

கட்டணம் கட்டிக் கப்பலில் போய்வந்த தோழர்கள் சிலர் தங்கள் படங்களை நமக்குக் காட்டினார்கள். காயல் இருக்கிறது, ஆமை இருக்கிறது, கோல்களி ஆட்டம் இருக்கிறது, இலையில் வைத்த மீன் இருக்கிறது. எல்லாப் படத்திலும் பின்னணியில் தென்னை மரம் இருக்கிறது. மரத்தில் ஏறியவரின் முகம் ஒரு படத்திலும் இல்லை. தோழர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சுற்றுலா என்பதே அப்படித்தான் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது.

நிலம் கொஞ்சம், காயல் பெரிது

முதலில் அந்த ஊரின் அளவைத் தெரிந்துகொள்வோம். லட்சத்தீவின் மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். மக்கள் வாழ்வது 10 தீவுகளில். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 64,000 பேர். ஆனால் பவளத் திட்டுகளுக்குள் அடங்கிய காயலின் பரப்பு சுமார் 4,200 சதுர கிலோமீட்டர். நிலத்தைவிடக் காயல் நூறு மடங்குக்கும் மேல் பெரிது. அந்தத் திட்டுதான் அலையைத் தடுக்கிறது. அந்தக் காயலில்தான் சூரை மீன் பிடிப்பதற்கான இரைமீன் கிடைக்கிறது. மண்ணுக்கு அடியில், உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் நல்ல தண்ணீர்தான் கிணறுகளுக்கு ஆதாரம். கொஞ்சம் அதிகமாக இறைத்தால் உப்பு ஏறிவிடும். கழிவுநீர்க் குழி பக்கத்தில் இருந்தால் கெட்டுவிடும். கவரத்தியில் 2005-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைக்க வேண்டி வந்ததே இதனால்தான்.

வெளியாள் அங்கே நினைத்தபோது இறங்கிவிட முடியாது. 1967-ஆம் ஆண்டு விதிகளின்படி நுழைவு அனுமதி வேண்டும். தீவு மக்களின் நிலமும் வாழ்க்கையும் கைமாறிப் போகாமல் இருக்க அந்த விதி ஒரு வேலியாக இருக்கிறது. அதனால்தான் இதுவரை அரசு நடத்தும் கப்பல் பயணமே பெரும்பாலோருக்கு வழி. கொச்சியில் ஏறி, பகலில் ஒவ்வொரு தீவாக இறங்கிப் பார்த்து, இரவில் கப்பலுக்குத் திரும்பிவிடுவது. இறங்கிய இடத்தில் இளநீர், கண்ணாடிப் படகு, மதியச் சாப்பாடு, ஒரு நடனம். திரும்பும்போது பையில் தேங்காயும் வெல்லமும் சேர்த்து உருட்டிய தீவு உண்டை. மினிக்காய் போனவர்கள் மாசியும் வாங்கி வருவார்கள். தூத்துக்குடிக்காரர்களுக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் மாசியை நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இந்தப் பைக்குள் இருப்பதை வைத்தே கேட்போம். தேங்காயைப் பறித்தது யார்? வெல்லத்துக்குப் பதநீர் இறக்கியது யார்?

மூன்று பெயர்கள்

மினிக்காய் தவிர்த்த தீவுகளில் வழிவழியாக மூன்று பிரிவுகள் உண்டு. கோயாக்கள் நிலத்துக்கும் பெரிய படகுகளுக்கும் உடைமையாளர்கள். மால்மிகள் படகு செலுத்தும் மாலுமிகள். மேலாச்சேரிகள் மரமேறுகிறவர்கள். மேலாச்சேரி என்றால் மேலே ஏறுகிறவர் என்றே பொருள் சொல்கிறார்கள். தேங்காய் பறிப்பது, மீரா என்று அங்கே அழைக்கப்படும் இனிப்புக் கள்ளை இறக்குவது, வெல்லம் காய்ச்சுவது, முதலாளியின் படகில் துடுப்புப் போடுவது, சரக்குச் சுமப்பது எல்லாம் அவர்கள் தலையில் விழுந்த வேலைகள். ஊருக்கு ஊர் பெயர்களில் வேறுபாடு இருக்கும். படிநிலையில் வேறுபாடு இல்லை.

மினிக்காயில் மொழி வேறு. மஹல் பேசுகிறார்கள். அது மாலத்தீவின் திவேஹி மொழியின் உறவு. தானா எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள். ஊருக்கு ஊர் ஆண் தலைவரும் உண்டு, பெண் தலைவரும் உண்டு என்று பயணிகள் வியந்து எழுதுகிறார்கள். வியக்கத்தக்கதுதான். ஆனால் அங்கேயும் மணிக்ஃபான், தக்ருஃபான், தக்ரு, ராவேரி என்று நான்கு படிகள். மேல் படியில் நிலமும் கப்பலும் உடையவர்கள். கீழ்ப்படியில் ராவேரி. அவர்களின் வேலை மரமேறுவது. மொழி மாறுகிறது, எழுத்து மாறுகிறது, எழுத்தின் திசைகூட மாறுகிறது. மரமேறுகிறவரின் இடம் மட்டும் மாறவில்லை.

இது வேலைப் பிரிவினைதானே, சாதி எப்படி ஆகும் என்று கேட்பார்கள். இந்தக் கேள்வி நமக்குப் பழையது. வேலையைப் பிரித்தால் அது வேலைப் பிரிவினை. வேலை செய்கிறவர்களைப் பிறப்பால் பிரித்து, வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுத்து, வேறு பிரிவில் பெண் எடுக்கவிடாமல் பார்த்துக்கொண்டால் அதற்குச் சாதி என்று பெயர். இதை அண்ணல் அம்பேத்கர் நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். இந்திய முஸ்லிம்களுக்குள்ளும் சாதி நுழைந்திருப்பதைப் பாகிஸ்தான் பற்றிய தம் நூலில் அவரே எழுதியிருக்கிறார்.

லட்சத்தீவில் மேலாச்சேரிகளுக்கு விதிக்கப்பட்டிருந்த தடைகளைப் பாருங்கள். ஓடம் வைத்துக்கொள்ளக் கூடாது. நாம் ஆற்றில் பார்க்கும் சிறு ஓடம் இல்லை, அங்கே ஓடம் என்றால் கடல் கடந்து கேரளக் கரைக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் பெரிய பாய்மரம். செருப்புப் போடக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. ஏறுவதற்கும் சுமப்பதற்கும் அவர் உடம்பு வேண்டும், அந்த உடம்பின் மேல் நிழல் மட்டும் விழக் கூடாது.

செருப்பு, குடை. தமிழ்நாட்டில் சேரியில் பிறந்த யாருக்கும் இந்த இரண்டு சொற்களும் புதியவை அல்ல. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. அதற்கும் முன்னால் தென் திருவிதாங்கூரில் பனையேறிய சாணார்களுக்கு இதே செருப்பும் குடையும் மறுக்கப்பட்டன. அவர்களின் பெண்கள் மார்பை மறைப்பதற்கே பல பத்தாண்டுகள் போராடி, 1859-இல்தான் ஆணை பெற்றார்கள். அங்கே பனை, இங்கே தென்னை. அங்கே ஒரு மதம், இங்கே இன்னொரு மதம். தடைப்பட்டியல் மட்டும் ஒரே ஆள் எழுதியதுபோல் இருக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1930-இல் ராமநாதபுரமும் லட்சத்தீவும் ஒரே மாகாணத்தில் இருந்தன. வடக்குத் தீவுகள் தென்கன்னட மாவட்டத்தோடும் தெற்குத் தீவுகள் மலபார் மாவட்டத்தோடும் சேர்ந்து, சென்னைக் கோட்டையிலிருந்து ஆளப்பட்டன. 1956 வரை அப்படித்தான். ஆகவே இது எங்கோ இருக்கும் அந்நிய ஊரின் கதை என்று தமிழர்கள் தள்ளிவைக்க முடியாது.

படகு இல்லாதவனுக்கு அரிசி இல்லை

நிலம் மறுக்கப்பட்டதன் கொடுமை நமக்குப் புரியும். படகு மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பது தீவின் கணக்கு தெரிந்தால்தான் புரியும்.

அந்த மண்ணில் நெல் விளையாது. அரிசி கரையிலிருந்து வர வேண்டும். அரிசிக்கு மாற்றாகத் தீவு கொடுத்தது கயிறு. தேங்காய் மட்டையைக் காயலின் கரையோரக் குழிகளில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, எடுத்து, அடித்து, நாரைத் திரித்துக் கயிறாக்கியவர்கள் பெண்கள். பயணிகள் முழங்கால் நீரில் நின்று படம் எடுக்கும் அதே காயல் அவர்களுக்கு வேலைத்தலம். கண்ணூரின் அரக்கல் குடும்பம் அந்தக் கயிற்றுக்கு ஏகபோகம் வைத்திருந்தது. தான் வைத்த விலைக்குக் கயிற்றை எடுத்துக்கொண்டு, தான் வைத்த அளவில் அரிசி கொடுத்தது. அமினி மக்கள் அரக்கலின் ஆட்களுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். 1787-இல் வடக்குத் தீவுகள் திப்புவின் கைக்குப் போயின. 1799-இல் வெள்ளையர் கைக்கு வந்தன. தெற்குத் தீவுகளை 1875-இல் வெள்ளையர் நிர்வாகத்தில் எடுத்து, 1908-இல் முழுமையாக வாங்கிக்கொண்டார்கள். துரை மாறினார், கயிறு மாறவில்லை.

இது கரை தீவைச் சுரண்டிய கதை. தீவு வரலாறு என்று சொல்லும்போது எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இன்னொரு படி உள்ளே போக வேண்டும். கயிற்றைக் கரைக்குக் கொண்டுபோக ஓடம் வேண்டும். ஓடம் கோயாவுடையது. அரிசி ஏறி வருவதும் அதே ஓடத்தில்தான். மரமேறியவருக்கும் மட்டை அடித்தவருக்கும் சந்தை என்பது முதலாளியின் படகு புறப்படும் நாளில்தான் உண்டு. நடப்பு என்ற பெயரில் ஒரு குத்தகை முறையும் இருந்தது. நிலத்தைப் பாடுபட்டுப் பார்த்துக்கொள்கிறவர் முதலாளியின் படகுக்கும் வேலை செய்து கழிக்க வேண்டும். ஓடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற தடை வெறும் மரியாதைத் தடை அல்ல. தீவை விட்டு வெளியேறும் ஒரே பாதையை அடைத்த பூட்டு அது.

இங்கே பண்ணையார் வண்டிப்பாதையில் முள் வெட்டிப் போட்டது போலத்தான். அங்கே பாதை கடலில் இருந்தது.

தாய்வழிச் சமூகம் என்ற பெருமையையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். லட்சத்தீவில் சொத்து தாய்வழியில் இறங்குகிறது. தறவாட்டுச் சொத்துக்கு வெள்ளியாழ்ச்சைச் சொத்து என்றும், தனிச் சொத்துக்குத் திங்களாழ்ச்சைச் சொத்து என்றும் பெயர். இஸ்லாமியச் சட்டமும் தாய்வழி உரிமையும் ஒன்றாக நடப்பதை லீலா துபே 1969-இல் நூலாகவே எழுதினார். பெண்ணைக் கணவன் வீட்டுக்கு அனுப்பிக் கொல்லும் நம் ஊரை நினைத்தால், அம்மா வீட்டிலேயே பெண் இருக்கும் அந்த ஊர் எவ்வளவோ மேல். அதை நாம் மனதாரச் சொல்கிறோம். ஆனால் ஒரு கேள்வி: சொத்து தாய்வழி இறங்க வேண்டுமானால் முதலில் சொத்து இருக்க வேண்டுமே? தென்னந்தோப்பு தாய்வழியில் யாருக்கு இறங்கியது? மட்டை அடிக்கும் வேலை தாய்வழியில் யாருக்கு இறங்கியது?

கலாச்சாரம் என்ற பெயரில் பயணிகளுக்குக் காட்டப்படும் கோல்களியிலும் பரிசக்களியிலும் லாவாவிலும் இந்தக் கேள்விக்கு இடமில்லை. அரைமணி நேர ஆட்டத்தில் எல்லோரும் ஒரே நிறத்தில் உடை போட்டுக்கொள்கிறார்கள். பார்க்கிறவர் ஒற்றுமையான பண்பாடு என்று எழுதிவிட்டுக் கப்பல் ஏறுகிறார். தஞ்சாவூருக்கு வருகிறவர் பெரிய கோவிலையும் நெல்வயலையும் பார்த்துவிட்டு, கீழ்வெண்மணி என்றால் என்ன என்று கேட்காமல் ஊர் திரும்புவது போல.

இடிப்பவர்களுக்கு நம் வாய் உதவாது

இதை எழுதினால் உடனே ஒரு கூட்டம் கைதட்டும் என்று நமக்குத் தெரியும். பார்த்தீர்களா, முஸ்லிம்களிடமும் சாதி இருக்கிறது என்று மகிழ்வார்கள். அவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மேலாச்சேரியின் துயரத்தை எடுத்துச் சொல்ல உங்களுக்குத் தகுதி இல்லை. மேலாச்சேரியின் கூரையையும் சேர்த்து இடிப்பவர்கள் நீங்கள்.

2020 டிசம்பரில் பிரஃபுல் கோடா படேல் லட்சத்தீவின் நிர்வாகியாக வந்தார். 2021-இல் வரிசையாகச் சட்ட வரைவுகள் வந்தன. எந்த நிலத்தையும் திட்டப் பகுதி என்று அறிவித்து எடுத்துக்கொள்ள ஒரு வரைவு. குற்றமே அரிதான தீவுகளில், விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை அடைத்துவைக்க ஒரு வரைவு. இரண்டு குழந்தைக்கு மேல் இருந்தால் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கத் தடை என்று ஒன்று. மாட்டிறைச்சிக்குத் தடை என்று இன்னொன்று. பள்ளி மதிய உணவிலிருந்து இறைச்சியை எடுத்தார்கள். அரசின் பால் பண்ணைகளை மூடினார்கள். நூற்றுக்கணக்கான தற்காலிகத் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கடற்கரையில் மீனவர்கள் படகும் வலையும் வைக்கும் கொட்டகைகளை இடித்துத் தள்ளினார்கள். மதுவிலக்கு இருந்த தீவுகளில் சுற்றுலாவுக்காக மது விற்கலாம் என்றார்கள். எதிர்த்துப் பேசிய திரைக்கலைஞர் ஆயிஷா சுல்தானா மீது தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். 2021 மே 31-இல் கேரளச் சட்டமன்றமே இதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது.

இவற்றில் முதலில் அடிபடுவது யார்? நான்கு தோப்பும் கொச்சியில் வீடும் உள்ளவரா? தற்காலிக வேலை ஒன்றையே நம்பியவர் யார்? கொட்டகை இடிந்தால் வலையை வைக்க வேறு இடம் இல்லாதவர் யார்? பள்ளியில் கிடைத்த இறைச்சி எந்த வீட்டுக் குழந்தைக்குப் பெரிது? சேரியில் வளர்ந்த நமக்கு இதற்கு விடை சொல்ல ஆய்வு தேவையில்லை. நம் தட்டில் இருந்த மாட்டுக்கறியையும் இதே கைகள்தான் பிடுங்கப் பார்க்கின்றன.

பிறகு நிலத்துக்கு வந்தார்கள். தீவுகளில் பண்டாரம் நிலம் என்று ஒன்று உண்டு. பண்டாரம் என்றால் கருவூலம், நம் தமிழிலும் அதுதான் பொருள். அரக்கல் குடும்பம் தன்னுடையது என்று எடுத்துக்கொண்ட நிலம் அது, பிறகு அரசுடையது ஆனது. அதில் தென்னை வைத்துத் தலைமுறைகளாக வளர்த்தது தீவு மக்கள். 1965-இன் நிலச் சட்டத்துக்குப் பிறகு அனுபவ உரிமை பேசப்பட்ட அந்த நிலத்தை மீட்கிறோம் என்று 2024-இல் நிர்வாகம் இறங்கியது. மக்கள் நீதிமன்றம் போனார்கள். 1892-இல் இதே சென்னை மாகாணத்தில் நமக்கென்று எழுதிவைத்த பஞ்சமி நிலம் எப்படிக் காகிதத்தில் மட்டும் மிஞ்சியது என்று அறிந்தவர்கள் நாம். அரசு நிலம் என்ற சொல்லைக் கேட்டால் யாருக்காக அரசு என்றுதான் முதலில் கேட்போம்.

2025 ஜூலையில் பித்ரா முறை வந்தது. 2011-இல் 271 பேர் வாழ்ந்த, தீவுகளிலேயே மிகச் சிறிய குடியிருப்பு அது. பாதுகாப்புத் தேவைக்காகத் தீவு முழுவதையும் எடுத்துக்கொள்ள, சமூகத் தாக்க மதிப்பீட்டுக்கு அறிவிக்கை வெளியானது. இன்னொரு பக்கம் மினிக்காய், கட்மத், சுஹேலியில் காயல் நீரின் மேலேயே சொகுசுக் குடில்கள் கட்ட 2021-இல் உலக அளவில் ஒப்பந்தப்புள்ளி கேட்டார்கள். சுஹேலியிலும் கட்மத்திலும் தாஜ் விடுதிகள் வரும் என்று 2023 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. 1998, 2010, 2016 என்று கடல் வெப்பமாகி வெளுத்துப்போன பவளத்தின் மேல் தூண் நடப்பதற்குப் பெயர் வளர்ச்சி. அந்தக் குடிலில் ஓர் இரவுக்குத் தரும் வாடகை, தென்னைமரம் ஏறுகிறவரின் எத்தனை நாள் கூலி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆகவே எங்கள் நிலை இது: டெல்லியின் புல்டோசரையும் எதிர்க்கிறோம், கோயாவின் ஓடத்தையும் கேள்வி கேட்கிறோம். ஒன்றைச் செய்வதற்காக மற்றதைக் கைவிட மாட்டோம்.

இப்போது பேசலாமா என்பவர்களுக்கு

மறுபக்கத்திலிருந்து நண்பர்கள் வருவார்கள். தீவே ஆபத்தில் இருக்கும்போது உள்பிரிவைப் பேசலாமா, எதிரிக்கு இடம் கொடுத்தது ஆகாதா என்பார்கள். இந்த வாக்கியத்தை நாங்கள் நூறு ஆண்டுகளாகக் கேட்டுவருகிறோம். சுதந்திரம் வரட்டும், பிறகு பேசலாம் என்றார்கள். புரட்சி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். இன உரிமை முதலில், சாதி அப்புறம் என்றார்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

பழைய கதை, இப்போது எல்லோரும் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள் என்றும் சொல்வார்கள். செருப்பும் குடையும் வந்துவிட்டன, உண்மை. 1965-இன் சட்டம் குத்தகையாளருக்கு உரிமை கொடுத்தது, உண்மை. பள்ளியும் அரசு வேலையும் நிறைய மாற்றின, அதுவும் உண்மை. ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுகிறார்கள் என்பதை நாங்கள் மதிக்கிறோம். எங்கள் ஊரில் தெருவுக்குள் தேரே வருவதில்லை. ஆனால் சாதி கடைசியாக ஒளிந்துகொள்ளும் இடம் திருமணம் என்பது நாம் பட்டு அறிந்தது. தோளோடு தோள் நின்ற இருவரும் சம்பந்தி ஆகிறார்களா என்பதுதான் சோதனை. சுதந்திரத்துக்குப் பின் அங்கே ஆய்வு செய்தவர்கள் பதிவு செய்ததும் இந்தத் திருமணக் கோட்டைத்தான்.

மாறிவிட்டது என்கிறவர்களிடம் நாம் கேட்பது கணக்கு. அது இல்லை. லட்சத்தீவில் பிறந்த, பெற்றோர் இருவரும் அங்கேயே பிறந்த எல்லோரும் பழங்குடி என்பதுதான் அரசின் பட்டியல். அந்தப் பட்டியலில் கோயா என்ற பெயர் இல்லை. மால்மி இல்லை. மேலாச்சேரி இல்லை. ராவேரி இல்லை. எல்லோருக்கும் ஒரே சான்றிதழ். மருத்துவ இடமோ அரசுப் பணியோ அந்தச் சான்றிதழில் வரும்போது, நான்கு தலைமுறையாகத் தோப்பும் ஓடமும் வைத்திருந்த வீட்டுக்கு எத்தனை போனது, மரமேறிய வீட்டுக்கு எத்தனை போனது என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணினால்தானே தெரியும்?

கரை இந்தியா கூட்டாகச் சேர்ந்து தீவை ஒதுக்கியபோது அந்தப் பழங்குடிப் பட்டியல் எல்லோருக்கும் தேவைப்பட்டது. இன்றும் தேவை. அதைத் தொட யாருக்கும் உரிமையில்லை. நாம் கேட்பது உள்ளே யார் எங்கே நிற்கிறார்கள் என்ற கணக்கு. தமிழ்நாட்டில் பட்டியல் சாதிகளுக்குள் கடைக்கோடியில் நின்ற அருந்ததியர்களுக்கு 2009-இல் 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. அப்போதும் ஒற்றுமை குலையும் என்றார்கள். 2024 ஆகஸ்ட் 1-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள்வகைப்பாடு செல்லும் என்றது. கடைசியில் நிற்கிறவரைத் தனியாகப் பார்ப்பது பிரிவினை இல்லை என்பதை நாம் நம் வீட்டுக்குள்ளேயே சண்டை போட்டுக் கற்றுக்கொண்டோம். அந்தப் பாடத்தை மேலாச்சேரிக்கும் ராவேரிக்கும் மறுக்க முடியாது. 2025 ஏப்ரல் 30-இல் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. அந்தப் படிவம் கல்பேனிக்கும் ஆந்த்ரோத்துக்கும் மினிக்காய்க்கும் போகும்போது பழங்குடி என்ற ஒரே கட்டத்தோடு திரும்பி வரக் கூடாது.

போகிறவர்களுக்கு

போக வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. உழைக்கும் மக்களுக்கும் கடல் பார்க்கும் உரிமை உண்டு. சேரியில் பிறந்தவனும் பளிங்குத் தண்ணீரில் கால் நனைக்கட்டும். கேட்பது இவ்வளவுதான்.

அனுமதி முறையைத் தொல்லை என்று திட்டாதீர்கள், அது அவர்களின் வேலி. தீவுக்காரர் நடத்தும் வீட்டில் தங்குங்கள், காயலின் மேல் தூண் நட்ட குடிலில் தங்காதீர்கள். தண்ணீரை உங்கள் ஊர்க் குழாய்போல் திறந்துவிடாதீர்கள். பவளத்தின் மேல் ஏறி நிற்காதீர்கள், பையில் போட்டும் வராதீர்கள். இளநீர் வெட்டிக் கொடுத்தால், இதைப் பறித்தவர் யார், அவருக்கு மரத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். தீவு உண்டை வாங்கினால் மீரா இறக்கியவரின் பெயரைக் கேளுங்கள். படகில் ஏறினால் படகு யாருடையது, ஓட்டுகிறவர் யார் என்று கேளுங்கள். கேள்வியைக் கேலியாகவோ துப்பறிகிறவர்போலவோ கேட்காதீர்கள். உங்கள் தாத்தா செய்த வேலையைச் சொல்லிவிட்டு அவர் தாத்தா செய்த வேலையைக் கேளுங்கள். பேச்சு தானாக வரும்.

திரும்பி வந்து காணொளி போடுகிறவர்கள், சாதியே இல்லாத தீவு என்று மட்டும் தலைப்பு வைக்காதீர்கள். அப்படி ஒரு தீவு இந்தியாவில் இன்னும் உருவாகவில்லை. உருவாக்க வேண்டிய வேலை மீதம் இருக்கிறது.

அரசிடம் நாங்கள் கேட்பவை:

பித்ராவைக் கையகப்படுத்தும் முயற்சியைக் கைவிட வேண்டும்.

பண்டாரம் நிலத்தில் பாடுபட்டவர்களுக்கே அதன் உரிமையை எழுதிக்கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கும்போது நிலமற்ற மேலாச்சேரி, ராவேரிக் குடும்பங்களுக்கு முன்னுரிமை தர வேண்டும்.

காயலுக்குள் கட்டடம் கட்டும் ஒப்பந்தங்களை நிறுத்த வேண்டும்.

சுற்றுலா நடக்கட்டும், அதன் படகு உரிமங்களில் வழிவழியாகப் படகு மறுக்கப்பட்டவர்களுக்குத் தனிப் பங்கு வேண்டும்.

சாதிக் கணக்கெடுப்பில் லட்சத்தீவின் பிரிவுகளைப் பெயர் சொல்லி எண்ண வேண்டும்.

ஒரு காலத்தில் ஓடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தடுக்கப்பட்டவரின் பேரன், தன் பெயரில் பதிவான படகில் பயணிகளை ஏற்றிக் காயலைச் சுற்றிக் காட்டட்டும். அந்தப் படகில் ஏற நாங்களும் வருகிறோம், கட்டணம் கொடுத்து.

ஜெய் பீம்!